க்ளோயி கர்தாஷியனோட சைஸ் 15: திருப்பூர் ரெடிமேட் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

உள்நாட்டு மார்க்கெட்டுக்கு லெக்கின்ஸ், டாப், நைட்டி, ட்ராக் பேண்ட் தைக்கிற, சொந்தமா பிராண்ட் பேரு வச்சு ஆன்லைன்ல விக்கிற, காதர்பேட்டைல மொத்தமா போடுற திருப்பூர் அண்ணன்மாருங்களுக்கும் அக்காமாருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் இதே ஊர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா, அதான் பையர்கிட்ட பேசி ஆர்டரைச் சாம்பிள்லருந்து அனுப்புற வரைக்கும் பாத்துக்கற வேலைல, 11 வருஷமா இருக்கேன். உங்கள்ல பாதிப்பேரை ஏதாவது ஒரு கம்பெனி வாசல்ல, டையிங்ல, பிரிண்டிங்ல பாத்திருப்பேன். ரொம்ப நாளா மனசுல வச்சிருந்ததை இப்பவாவது எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

போன வருஷம் எங்களுக்கு வந்த ஒரு அமெரிக்க ஆர்டர்ல ப்ளஸ் சைஸும் இருந்துச்சு, 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ்னு. எங்க சாம்பிள் ரூம்ல துணி போட்டுப் பாக்குற டம்மி பொம்மை எல்லாம் எம் சைஸ் தான். பையர் அம்மா வீடியோ கால்ல ஃபிட் பாக்கணும், ஆள் போட்டு நடக்கணும், கையைத் தூக்கிக் காட்டணும், உக்காந்து எந்திரிக்கணும்னு சொல்லிட்டாங்க. துணி வெட்டுறதுக்கு அளவு அச்சு, அதான் பேட்டர்ன், போடுற மாஸ்டர் தயங்கித் தயங்கி என்கிட்ட வந்து "தப்பா நினைச்சுக்காத கண்ணு, நீ போட்டுக் காட்டுறியா"ன்னு கேட்டாரு. நான் 2எக்ஸ் போட்டேன். சாதாரண சிங்கிள் ஜெர்சி டீ-ஷர்ட் தானுங்க, நாம தினம் ஆயிரக்கணக்குல பெட்டி கட்டுற அதே துணி தான். தோள் தையல் என் தோள் எலும்பு மேலயே வந்து நின்னுச்சு, அக்குள்ல புடிக்கலை, கையைத் தூக்குனா இடுப்புக்கு மேல ஏறலை, முன்பக்கம் தூக்கிட்டு நிக்காம அடிமடிப்பு சுத்தி ஒரே நேரா இருந்துச்சு. அந்தம்மா அங்கிருந்து பாத்துட்டு, கை மேல்பாகத்துல கொஞ்சம் இழுக்குது, அரை இஞ்ச் சேருங்கன்னு சொன்னாங்க, மாஸ்டரு சாக்பீஸ்ல என் கைமேலயே மார்க் பண்ணாரு. 36 வயசுல முதல் தடவையா ஒருத்தர் என் கைக்கு அரை இஞ்ச் சேத்துக் குடுக்கச் சொன்னாங்க, அதுவும் நான் போடப்போற துணிக்கு இல்ல, ஏதோ ஊர்ல எவளோ போடப்போறதுக்கு.

அதே மாசம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. டாப் எடுக்கலாம்னு ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன், எந்தக் கடைன்னு சொல்லப்போறது இல்லை, எல்லாக் கடையும் ஒண்ணு தான். நான் ரேக் கிட்டப் போறதுக்குள்ளயே அங்க விக்கிற புள்ள "அக்கா இது உங்களுக்கு வராதுங்க்கா, உங்க சைஸ் மாடில இருக்குது"ன்னுச்சு. அந்தப் புள்ளமேல கோவம் இல்லைங்க, அதுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. மாடிக்குப் போனா காக்கி, மெரூன், நேவி ப்ளூ, மூணே கலர், எல்லாத்துலயும் பெருசு பெருசா பூ, விலை கீழ இருக்குறதைவிட 150 ரூபாய் ஜாஸ்தி. போட்டுப் பாத்தா கழுத்து அகலமா எறங்கி பிரா பட்டி தெரியுது, தோள் முழங்கைக்குப் பாதி வரைக்கும் தொங்குது, ஆனா கை மட்டும் ரத்தம் நிக்கிற மாதிரி புடிக்குது. லேபிளைத் திருப்பிப் பாத்தேன், திருப்பூர்னு போட்டிருந்துச்சு. அழுகை வந்துச்சுங்க, ட்ரையல் ரூம்லயே நின்னு அழுதேன். அமெரிக்காக்காரிக்கு அரை இஞ்ச் யோசிச்சுத் தைக்கத் தெரிஞ்ச ஊர், பக்கத்து வீட்டுக்காரிக்கு எக்ஸ்எல் பேட்டர்னையே அப்படியே ஊதி வச்சிருக்கு.

இதைப் பத்தித்தான் பேசணும். அதுக்கு ஒரு அமெரிக்கப் பொண்ணோட கதையை எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம தொழிலுக்கு அதுல நேரடியா பாடம் இருக்கு. அவங்க பேரு க்ளோயி கர்தாஷியன்.

பேரைக் கேட்டதும் "அட அந்த டிவி குடும்பமா"ன்னு ஒதுக்கிடாதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் ஒதுக்குனேன். அந்தக் குடும்பத்தோட தினப்படி வாழ்க்கையைக் காட்டுற ரியாலிட்டி ஷோ 2007 அக்டோபர்ல ஈ! சேனல்ல ஆரம்பிச்சு 2021 ஜூன் வரைக்கும் 20 சீசன் ஓடுச்சு, அப்புறம் 2022ல வேற பேருல ஹுலுங்கிற ஓடிடிக்குப் போச்சு. அக்கா கோர்ட்னி, கிம், இவங்க மூணாவது. 1984ல பொறந்தவங்க, அப்பா ராபர்ட் கர்தாஷியன் ஓ.ஜே. சிம்ப்சன்கிற ஃபுட்பால் வீரரோட கொலை வழக்குல அவருக்காக நின்ன வக்கீல்கள்ல ஒருத்தர், 2003ல இறந்துட்டாரு. டிவிக்கு வர்றதுக்கு முன்னாடியே, 2006ல, மூணு அக்கா தங்கச்சிங்களும் சேந்து கலபாசஸ்ங்கிற ஊர்ல டாஷ்னு ஒரு துணிக்கடை போட்டாங்க, 2018 வரைக்கும் அது ஓடுச்சு. அதாவது இந்தம்மா டிவிக்கு முன்னாடி கடைக்காரம்மா. துணி விக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சவங்க.

டிவில வந்த நாள்லருந்து பத்திரிகைக்காரங்க அவங்களை "குண்டுத் தங்கச்சி"ன்னு தான் எழுதுனாங்க. பக்கத்துலயே ஒல்லியா ரெண்டு அக்கா நிக்கும்போது, வாராவாரம் உலகம் பூரா பாக்குற டிவில, நடுவுல நிக்கிற பொண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நம்ம வீட்ல கல்யாண போட்டோல "நீ கொஞ்சம் பின்னாடி நில்லு"ன்னு சொல்லக் கேட்ட ஒவ்வொரு பொண்ணுக்கும் தெரியும். நல்ல கடைகள்ல தன்னோட சைஸுக்கு ஜீன்ஸே கிடைக்காதுன்னு அவங்களே பல பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. காசு இருந்தும், பேரு இருந்தும், கேமரா பின்னாடியே சுத்தியும், ஒரு ஜீன்ஸ் கிடைக்கலை. இந்த இடத்துல தான் எனக்கு அவங்ககூட ஒட்டுதல் வந்துச்சு.

2016 அக்டோபர்ல குட் அமெரிக்கன்னு ஒரு ஜீன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க. கூட்டாளி எம்மா க்ரீட்னு ஒருத்தங்க, கிழக்கு லண்டன்ல வளந்தவங்க, ஐடியாவைக் கொண்டுவந்ததும் அவங்க தான், கம்பெனியை நடத்துனதும் அவங்க தான், அதைச் சொல்லாம விடக்கூடாது, டிவி முகம் ஒருத்தருக்கு இருக்கும், கணக்குப் பாத்தவங்க பேரு மறைஞ்சு போயிடும், நம்ம ஊர்லயும் முதலாளி பேரு தான் போர்டுல, ராத்திரி பூரா பேட்டர்ன் போட்ட மாஸ்டர் பேரு எங்கயும் இருக்காது. சைஸ் 00லருந்து 24 வரைக்கும் மொத நாள்லருந்தே ஒண்ணா போட்டாங்க. முதல்ல சின்ன சைஸ் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பெருசுன்னு இல்லை. மொத நாளே 10 லட்சம் டாலருக்கு வித்துச்சு. டிவில மூஞ்சி தெரிஞ்சதுனால தான் வித்துச்சுன்னு நீங்க சொல்லலாம், சரி, மொத நாள் விக்கிறதுக்கு மூஞ்சி போதும், அடுத்தடுத்த வருஷம் திரும்பி வந்து வாங்குறதுக்குத் துணி இடுப்புல உக்காரணும்.

அவங்க செஞ்சதுல நம்ம தொழிலுக்கு ரொம்பப் பெரிய விஷயம் கடைக்காரங்ககிட்ட போட்ட கண்டிஷன். நார்ட்ஸ்ட்ராம்னு அமெரிக்காவுல பெரிய கடை, அங்க வைக்கும்போது எங்க துணியை எடுத்தா எல்லா சைஸையும் எடுக்கணும், சின்ன சைஸை மட்டும் பொறுக்கி எடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. ஒத்துக்காத கடைகளுக்குச் சரக்கே குடுக்கலைன்னு எம்மா க்ரீட் சொல்லியிருக்காங்க. புதுசா ஆரம்பிச்ச கம்பெனி ஆர்டரை வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தில்லு வேணும்னு உங்களுக்குத் தெரியாததா. நாமளோ கடைக்காரர் "எக்ஸ்எல்லுக்கு மேல ஓடாதுங்க, எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 போட்டு அனுப்பிருங்க"ன்னு சொன்னா அப்படியே ரேஷியோ போட்டு கட்டிங் டேபிளுக்கு அனுப்பிடறோம். ஓடாதுன்னு எப்படித் தெரியும்? எப்பவாவது வச்சுப் பாத்தாங்களா? வைக்காத சரக்கு எப்படிங்க ஓடும்.

இப்ப சைஸ் 15க்கு வர்றேன், தலைப்புல போட்டதே அதுக்காகத்தான். அமெரிக்காவுல பொண்ணுங்க சைஸ் இரட்டைப்படைல போகும், 10, 12, 14னு. 14 வரைக்கும் சாதாரண சைஸ், 16லருந்து ப்ளஸ் சைஸ். இந்த ரெண்டுக்கும் பேட்டர்னே வேற வேற, ரெண்டு தனி அடிப்படை அளவுலருந்து கிரேடிங் பண்ணுவாங்க, அதாவது அந்த அளவை ஏத்தி இறக்கி மத்த சைஸை எடுப்பாங்க, அதனால 14க்கும் 16க்கும் நடுவுல ஒரு பள்ளம் விழுந்துரும். குட் அமெரிக்கன்ல திரும்பி வர்ற பார்சலைப் பாத்தா 14லயும் 16லயும் தான் ரிட்டர்ன் அதிகமா இருக்கு. 14 புடிக்குது, 16 கழண்டு விழுது. வேற கம்பெனியா இருந்தா "கஸ்டமர் தப்பா ஆர்டர் பண்ணிட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. இவங்க 2018ல நடுவுல புதுசா 15னு ஒரு சைஸையே போட்டுட்டாங்க. எனக்கு இதைப் படிச்சப்போ உடம்பு சிலுத்துச்சுங்க. ரிட்டர்ன் பெட்டிக்குள்ள இருந்த பொண்ணோட குரலை யாரோ உக்காந்து கேட்டிருக்காங்க.

நம்ம ஊர்ல இதே பள்ளம் எக்ஸ்எல்லுக்கும் 2எக்ஸ்எல்லுக்கும் நடுவுல இருக்கு. உங்க பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்ட்டு கேட்டுப் பாருங்க. மார்புல சைஸுக்கு 2 இஞ்ச் ஏத்துறோம், அதே கணக்குல தோள், கழுத்து, நீளம் எல்லாத்தையும் ஏத்திட்டே போறோம். ஆனா மனுச உடம்பு அப்படி வளராதுங்க. எடை போடுற பொண்ணுக்கு எலும்பு அகலமாகுறது இல்லை, தோள் அகலம் கொஞ்சமா தான் மாறும், கழுத்துப் பின்பக்கம் கிட்டத்தட்ட அதே தான். கூடுறது கையோட மேல்பாகம், அக்குள் ஆழம், மார்பு, வயிறு, தொடை. வயிறும் மார்பும் துணியை முன்னாடி தூக்குறதுனால முன்பக்க நீளம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி வேணும். நாம அப்படியே ஊதுனதுனால தான் கழுத்து எறங்குது, தோள் தொங்குது, கை புடிக்குது, முன்பக்கம் மேல ஏறி நிக்குது, போட்ட பொண்ணு கண்ணாடில பாத்துட்டு "என் உடம்பு தான் சரியில்லை"ன்னு நினைச்சுக்கறா. உடம்புல ஒரு குறையும் இல்லைங்க, கிரேடிங் தான் தப்பு. அந்தப் புள்ளைக்கு இதை யாரும் சொன்னது இல்லை.

ட்ராக் பேண்ட்டும் அப்படித்தான். தொடை உரசுற எடத்துல, அதான் கவட்டைல, துணி தேஞ்சு நாலே மாசத்துல ஓட்டை விழும். அந்த எடத்துல டைமண்ட் வடிவத்துல ஒரு துணித் துண்டு கூடுதலா வச்சு ஓவர்லாக் அடிச்சா ரெண்டு வருஷம் தாங்கும். எக்ஸ்போர்ட்ல வைக்கிறோம். லோக்கல்ல வைக்கிறது இல்லை. பீஸுக்கு எவ்வளவு ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நீங்க சொல்லப்போற மொத பதில் துணி ஜாஸ்தி ஆகும், அதனால விலை ஜாஸ்திங்கிறது. ஆகும் தான், இல்லைங்கலை. ஆனா மார்க்கர் போடும்போது, அதாவது வெட்டுறதுக்குத் துணி மேல பேட்டர்னை அடுக்கும்போது, ஒரு பெரிய சைஸையும் ஒரு சின்ன சைஸையும் சேத்துப் போட்டு பீஸுக்குச் சராசரியா எவ்வளவு துணி ஆகுதுன்னு எடுத்துத் தானே காஸ்டிங் போடறோம், எஸ்ஸுக்கும் எக்ஸ்எல்லுக்கும் கூட துணி வித்தியாசம் இருக்கு, அங்க ஒரே விலை வைக்கிறோம்ல, அப்ப எக்ஸ்எல்லைத் தாண்டுனதும் மட்டும் ஏன் 150 ரூபாய் அபராதம்? துணிக்கு ஆகுற கூடுதல் காசு அதுல கால்வாசி கூட வராது, ஸ்டிச்சிங் கூலி அதே தான், பட்டன் அதே தான், லேபிள் அதே தான்.

ரெண்டாவது பதில், ஸ்டாக் தேங்கிரும்னு. இதுல நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஓல்ட் நேவின்னு அமெரிக்கப் பிராண்ட் 2021 ஆகஸ்ட்ல எல்லாக் கடையிலயும் பொண்ணுங்க துணியை 0லருந்து 28 வரைக்கும் ஒரே ரேக்ல, ஒரே விலைல வச்சாங்க, நல்ல எண்ணம் தான், ஆனா எந்த சைஸ் எந்த ஊர்ல எவ்வளவு போகும்னு கணக்குத் தப்பிருச்சு. நடு சைஸ் தீந்து போச்சு, ஓரத்துச் சைஸ் தேங்கிப் போச்சு, 2022ல சில கடைகள்ல பெரிய சைஸை எடுத்துட்டாங்க. இதைக் காட்டி "பாத்தீங்களா, ஓடாது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதுல தெரியறது வேற, எல்லா ஊருக்கும் ஒரே ரேஷியோ போட்டா எந்த சைஸும் தேங்கத் தான் செய்யும். ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு அந்தப் பிரச்சினை இன்னும் கம்மி, ஒவ்வொரு கடையிலயும் தனித்தனியா ஸ்டாக் வைக்க வேண்டியதில்லை, சின்ன லாட் அடிச்சு, எது போகுதுன்னு பாத்து, அடுத்த லாட் போடலாம். குறைஞ்ச பீஸ்ல வேகமா தைக்கிறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் இருக்காங்களா.

ஆள் இருக்காங்களா வாங்குறதுக்குன்னு கேக்கறீங்களா? 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்ல 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல 40.4 சதவீதம் பேரு அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவங்க. அதுக்கு முந்தின சர்வேல 30.9. அத்தனை பேரும் 3எக்ஸ்எல்னு சொல்லலை, ஆனா பத்துக்கு நாலு பேரை மாடிக்கு அனுப்பறது என்ன வியாபாரமுங்க? 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ நம்ம ஊரே ஆடிப் போச்சே, ராத்திரி ஷிப்ட் நின்னுச்சு, பாதி டேபிள் காலியா கிடந்துச்சு, அப்ப எல்லாரும் "உள்நாட்டு மார்க்கெட்டைப் புடிக்கணும்"னு பேசுனீங்க. புடிக்கிறதுக்கு ஆள் இங்கயே நின்னுட்டு இருக்காங்க, அவங்களுக்குச் சட்டை இல்லை.

இன்னொரு பேச்சும் வரும், அதைத்தான் நான் அதிகமா கேட்டிருக்கேன். "பெரிய சைஸ் போட்டா குண்டாயிருக்கறதை ஊக்குவிக்கிற மாதிரி ஆயிரும்"னு. இதைச் சொல்றவங்ககிட்ட நான் சண்டை போட மாட்டேன், ஒண்ணு மட்டும் கேப்பேன். எங்க பெரியம்மாவுக்குச் சுகர். டாக்டர் தினம் 40 நிமிஷம் நடக்கச் சொன்னாரு. அவங்க நடக்கலை. சோம்பேறின்னு வீட்ல திட்டுனாங்க. உக்காந்து பேசுனப்பறம் தான் தெரிஞ்சுது, சேலைல வேகமா நடக்க முடியலை, தொடை உரசிப் புண்ணாகுது, சுடிதார் வாங்கப் போனா சைஸ் இல்லைன்னுட்டாங்க, பார்க்ல எல்லாரும் பாப்பாங்கன்னு கூச்சம். நான் கம்பெனில மிச்சத் துணியை வாங்கி மாஸ்டர்கிட்ட சொல்லி ஒரு ட்ராக் பேண்ட் தைச்சுக் குடுத்தேன். இப்ப காலைல அஞ்சரைக்கு அவங்க தான் தெருவை எழுப்பி விடறாங்க. துணி உடம்புக்குப் பொருந்துனா மனுசன் வெளிய வருவான், வெளிய வந்தாத் தானே மத்தது எல்லாம். இதுவே பெரிய உரிமைப் பேச்சுங்க, அமெரிக்காவுல 1969லயே குண்டா இருக்குறவங்க மரியாதைக்காகச் சங்கம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு இன்ஸ்டால எல்லாரும் சொல்ற பாடி பாசிட்டிவிட்டிக்கு, அதான் எல்லா உடம்புக்கும் மரியாதைங்கிற பேச்சுக்கு, வேர் அங்க தான் இருக்கு. நம்ம ஊர்ல அதுக்கு இன்னும் நல்ல வார்த்தை கூட பொறக்கலை.

க்ளோயியைத் தெய்வமாக்கி நான் எழுதலைங்கிறதையும் இங்க சொல்லிடணும், இல்லைன்னா நேர்மையா இருக்காது. குட் அமெரிக்கன் ஆரம்பிச்ச மூணே மாசத்துல, 2017 ஜனவரில, அதே அம்மா ரிவெஞ்ச் பாடின்னு ஒரு ஷோ நடத்துனாங்க, உன்னை ஏமாத்துனவன், கேலி பண்ணவன் முன்னாடி எடையைக் குறைச்சுக் காட்டிப் பழி வாங்குங்கிற மாதிரி. ஒரு கையில எல்லா உடம்பும் அழகுன்னு ஜீன்ஸ் விக்கிறாங்க, இன்னொரு கையில இந்த உடம்பை மாத்துனாத் தான் ஜெயிப்பேன்னு டிவி காட்டுறாங்க. 2019ல வயித்தைத் தட்டையாக்கும்னு சொல்ற ஷேக் பானம் ஒண்ணுக்கு இன்ஸ்டால விளம்பரம் போட்டாங்க, ஜமீலா ஜமீல்னு ஒரு நடிகை அதை வெளிப்படையா கண்டிச்சாங்க, நியாயமான கண்டிப்பு தான். அந்த மாதிரி டயட் சரக்கு போஸ்ட்டுகளை 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்குக் காட்டக்கூடாதுன்னு அதே வருஷம் இன்ஸ்டாகிராம் கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. அந்த ஷேக் விளம்பரத்தை என்னால மன்னிக்க முடியலை. பதினாறு வயசுப் புள்ளைங்க அதைப் பாக்குதுங்க.

ஆனா 2021 ஏப்ரல்ல நடந்ததை நினைச்சா மனசு கரையுது. குடும்பத்தோட இருந்தப்போ பிகினி போட்டு எடுத்த ஒரு போட்டோ, எடிட் பண்ணாதது, உதவியாளர் கைதவறி வெளிய போட்டுட்டாங்க. ஒரு குறையும் இல்லாத போட்டோங்க, சந்தோசமா சிரிச்சுட்டு நிக்கிறாங்க. அவங்க ஆளுங்க காப்பிரைட் சொல்லி ஊர் பூரா அதை அழிக்கப் பாத்தாங்க. உலகமே சிரிச்சுச்சு, பாடி பாசிட்டிவ் பேசுறவங்க தன் உடம்பையே மறைக்கிறாங்க பாருன்னு. அப்புறம் அவங்க நீளமா ஒண்ணு எழுதுனாங்க, குண்டுத் தங்கச்சி, அசிங்கமான தங்கச்சி, அவங்க அப்பாவே வேற யாரோன்னு வாழ்க்கை பூரா கேட்டுக் கேட்டு, எவ்வளவு மாறுனாலும் அந்தப் பேச்சு உள்ள உக்காந்துருச்சுன்னு. நான் அதை பஸ்ல படிச்சேன். கோடிக்கணக்குல சொத்து, உலகம் பூரா கண்ணு, தன் பேருல எல்லாச் சைஸுக்கும் ஜீன்ஸ் கம்பெனி, அப்படி இருந்தும் சின்ன வயசுல விழுந்த அந்த வார்த்தையைக் கழட்ட முடியலை. அப்ப நம்ம ஊர்ல மூணாவது மாடில மெரூன் கலர் டாப்போட நிக்கிற புள்ளைக்கு?

அதனால தான் சொல்றேன், க்ளோயி சொன்னதை விட்டுருங்க, க்ளோயி கம்பெனி செஞ்சதை எடுத்துக்கோங்க. மனுசங்க சொல்றதும் செய்யறதும் முன்னப்பின்ன இருக்கும், சைஸ் 15 அலமாரில இருக்கும், ஒரு பொண்ணு வந்து போட்டுப் பாத்து ஜிப்பு ஏறுதுன்னு வாங்கிட்டுப் போவா. அதுகூட ஒரு ஜீன்ஸ் நூறு டாலருக்கு மேல, அங்கயே எல்லாராலயும் வாங்க முடியாது. நாம நினைச்சா 400 ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்யலாமுங்க. இந்த வசதி எல்லா ஊருக்கும் கிடையாது, நூல்லருந்து பெட்டி வரைக்கும் ஒரே ஊர்ல இருக்கு, 2024-25ல ஏற்றுமதி மட்டும் சுமார் 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் போச்சு, ப்ளஸ் சைஸ் பேட்டர்ன் பல கம்பெனி கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே கிடக்கு. பையரோட பேட்டர்னைத் தூக்கிப் போடச் சொல்லலை, அது தப்பு, அந்த வேலையைச் செஞ்ச மாஸ்டரோட கை நம்மகிட்ட இருக்குன்னு சொல்றேன்.

மத்திய அரசோட ஃபேஷன் கல்லூரி நிஃப்ட், 25,000 பேருக்கு மேல ஆறு நகரத்துல உடம்பை ஸ்கேன் பண்ணி இந்தியாவுக்குன்னு சைஸ் சார்ட் போடுற திட்டம் ஒண்ணு வச்சிருக்கு. நல்ல வேலை. ஆனா அந்தச் சார்ட் கைக்கு வந்தாத் தான் தைப்பேன்னு உக்கார வேண்டாம். இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்ற நம்ம அக்காங்களை நிறுத்தி டேப் புடிச்சுப் பாருங்க, செக்கிங் டேபிள்ல, அயர்னிங்ல, ஓவர்லாக்ல எத்தனை உடம்பு, எத்தனை அளவு. அவங்க தைச்ச துணியை அவங்களே போட முடியலைங்கிறது உங்க கம்பெனிக்குள்ளயே நடக்குது. கேட்டுத் தான் அளக்கணும், பொம்பளைங்க தான் அளக்கணும், அதையும் சொல்லிடறேன்.

அப்புறம் போட்டோ. குட் அமெரிக்கன் வெப்சைட்ல ஒரே ஜீன்ஸை மூணு வேற வேற உடம்புல போட்டுக் காட்டுவாங்க, நீங்க எந்த உடம்புல பாக்கணுமோ அதை அமுக்கிப் பாத்துக்கலாம். நம்மாளுங்க 4எக்ஸ்எல் டாப்புக்கு எஸ் சைஸ் புள்ளையைப் போட்டோ எடுத்து, முதுகுல க்ளிப் குத்தி டைட் பண்ணி, கம்ப்யூட்டர்ல இழுத்து விடறாங்க. வாங்குறவளுக்குத் தெரியாதா? தெரியும், அதனால தான் ரிட்டர்ன் அனுப்பறா, அந்த ரிட்டர்ன் கூரியர் காசை நீங்க தான் கட்டறீங்க. "ஒல்லியாகக் காட்டும்"னு லேபிள்ல எழுதறதையும் நிறுத்திடுங்க, நான் எப்படித் தெரியணும்னு நான் பாத்துக்கறேன், நீங்க தையல் பிரியாம பாத்துக்கோங்க.

எல்லா டிசைனும் எல்லா சைஸும்னு நாளைக்கே மாத்தச் சொல்லலைங்க. இந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு டாப், ஒரே ஒரு ட்ராக் பேண்ட், எஸ்ல இருந்து 4எக்ஸ்எல் வரைக்கும், அதே மஞ்சள், அதே பச்சை, அதே விலை, கீழ்த்தளத்துல அதே ரேக்ல. கடைக்காரர் பெரிய சைஸ் வேண்டாம்னா ஒரு சீசன் மட்டும் வச்சுப் பாருங்க, மிஞ்சுனா திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. ரிட்டர்ன் வர்ற பெட்டியைப் பிரிச்சு எந்த சைஸ், எங்க புடிச்சுது, எங்க தொங்குச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. உங்களோட சைஸ் 15 அந்த நோட்டுல தான் கிடைக்கும்.

ஃபிட் பாக்க ஆள் இல்லை, டம்மி இல்லைன்னு சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. 2எக்ஸ் நான் போடறேன், 3எக்ஸ்எல்லுக்கு எங்க செக்கிங் அக்கா ஒருத்தங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க, 4எக்ஸ்எல்லுக்குப் பெரியம்மா இருக்காங்க. நடந்து காட்டறோம், கையைத் தூக்கிக் காட்டறோம், உக்காந்து எந்திரிக்கறோம். மாஸ்டரை மட்டும் டேப்போட நிக்கச் சொல்லுங்க, காசு எதுவும் வேண்டாம், தைச்சு வந்ததும் எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு மஞ்சக் கலர்ல குடுத்தாப் போதும்.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு மெர்ச்சன்டைசர்